கையில் அடி

கேப்டன் வலது கையை நீட்டி, கட்டுப் போடச் சொன்னார்.

டாக்டர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. கீறல்கூட இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கேப்டன் முகம் சுளிக்கவே இல்லை.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை, அணியின் பிசியோ. பன்னிரண்டு வருடமாக இந்தக் கால்பந்துக் கிளப்பில் எல்லோருடைய முட்டியையும் தொடையையும் பிடித்துவிட்ட புண்ணியத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்திருந்தது. வலிக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கேப்டன் அந்த ரகம் இல்லை. விலா எலும்பு விரிசல் விட்ட நாளிலும் முழு ஆட்டம் ஆடிய மனுஷன்.

மணி எட்டு இருபது. இன்னும் பத்து நிமிடத்தில் வரிசை.

காலை எட்டரைக்கு, கோச்சிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோரும் நடைகூடத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் யாரும் அன்றைய வேலையைத் தொடங்கலாம். முதல் நாள் பயிற்சியில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களும் கொடுப்பார்கள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாவது கொடுப்பார்கள். பெரிய நட்சத்திரம் யாருமில்லாத அணி இரண்டு முறை கோப்பை வாங்கியதற்கு இந்தக் கைகுலுக்கல்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. டாக்டரைக் கேட்டால், தானும் கொஞ்சம் காரணம் என்பார்.

புதிதாக வந்த ஸ்ட்ரைக்கர் ஒன்பது நாளாக யாருக்கும் கை கொடுக்கவில்லை.

சமையலறைப் பின்கதவு வழியாக நழுவி வருவான். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் டிராக்சூட் பைக்குள் விட்டபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். தலைக்கனம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நேற்று மதியம் சாப்பாட்டு மேஜையில் கோல்கீப்பர் போட்டு உடைத்துவிட்டார். கை கொடுக்காதவனுக்குப் பந்தும் கொடுக்க வேண்டாம், நாளைக்கும் இதே கதை என்றால் கோச்சிடம் பேசி வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

டாக்டருக்குக் காரணம் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

இப்போது கேப்டனும் கட்டுப் போட்டுக்கொண்டு போய் நின்றால், அவனுக்குக் கை கொடுக்கக் கேப்டனுக்கே பிடிக்கவில்லை என்றுதானே ஆகும்? வயிற்றெரிச்சலோடு துணியைச் சுற்றினார்.

"நேத்து சாயந்தரம் அவன் எங்கிட்ட ஒரு பந்தத் தூக்கிப் போட்டான் டாக்டர். நல்ல வெயில். பந்து நனைஞ்சிருந்துது," என்றார் கேப்டன். "ஏன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு போட்ட கட்டை அவிழ்த்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிதாக, முதலிலிருந்து கட்டினார்.

நடைகூடத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஸ்ட்ரைக்கர் கடைசியாக வந்தான். பின்கதவை இன்று யாரோ பூட்டிவிட்டிருந்தார்கள். கைகள் பைக்குள்ளேயே இருந்தன. முகம் வெளுத்துப் போயிருந்தது.

கேப்டன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். அடிபட்டுவிட்டது, தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று சொல்லி, தன் தோளால் அவன் தோளில் ஒரு இடி இடித்தார்.

கொஞ்சம் பலமாகவே இடித்துவிட்டார். அவன் தடுமாறி, விழாமலிருக்கச் சுவரைப் பிடித்தான். கையை எடுத்தபோது நீலச் சுவரில் ஐந்து விரலும் உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்திருந்தன. ஒரு சொட்டு கீழே வழிந்தது.

எல்லோரும் பார்த்தார்கள்.

மாத்திரை, பவுடர் எதற்கும் அடங்காத வியர்வை. யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் ஊறும். முன்பு ஆடிய அணியில் அதை வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். அது என்னவென்று டாக்டரிடம்கூட அவன் சொன்னதில்லை.

அடுத்து நின்றவர் கோல்கீப்பர்.

கோல்கீப்பர் சுவரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நீட்டத் தயாராக வைத்திருந்த கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எனக்கும் கையில அடி," என்று சொல்லிவிட்டுத் தோளைக் கொடுத்தார்.

அடுத்தவருக்கும் அடி. அதற்கு அடுத்தவருக்குச் சுளுக்கு. கோச்சுக்கு எங்கிருந்தோ மணிக்கட்டு வலி வந்தது. வாசல் காவலர் எந்தக் கையில் வலி என்று முடிவு செய்வதற்குள் தோளைக் கொடுத்துவிட்டார். இத்தனை பொய் வலியை ஒரே இடத்தில் டாக்டர் பார்த்ததே இல்லை. இந்த ஆட்களை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

வரிசையின் கடைசியில் பாத்திரம் கழுவுகிற அம்மா நின்றார். அந்த நிமிடம்தான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். முன்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வழக்கம்போலக் கையை நீட்டியவர், பாதியில் கூச்சப்பட்டு நிறுத்தினார்.

"கை ஈரமா இருக்கு தம்பி. பரவாயில்லையா?"

அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை.