காது கேட்காத நோயாளிகள்

"நாலு நாளா நோயாளியளோட வாங்கில குந்திக்கொண்டு இருக்கிறதுக்கோ பிள்ளை உமக்குச் சம்பளம்?"

ஸ்ரீஸ்கந்தராசா போட்ட போட்டில் பரிமளம் எழுந்து நின்றாள்.

ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்துக்காரர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளம், வாய்க்கால் எதுவானாலும் சொன்ன திகதியில் முடித்துப் பெயர் எடுத்தவர். இளைப்பாறிய கையோடு, கண்டியில் ஒரு கண் வைத்தியசாலையின் புதிய நோயாளர் மண்டபத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். மேல்மாடி அலுவலகச் சுவரில் பெரிய அட்டவணை ஒன்று தொங்கியது. என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நாள் என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் பிந்தினால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

பரிமளம் நோயாளர் பதிவு எழுத வந்தவள், கண்டி டவுன் பெண். அவளுடைய மூன்று மாதத் தவணை அன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அனுப்பும் கடிதம் தட்டச்சு அடித்துத் தயாராக மேசையில் கிடந்தது.

"ஆளுங்க ஏன் வராமப் போறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் சேர்."

"இதைப் பார்க்க நாலு நாள் வேணுமோ? ஒரு நாளைக்கு எண்பது பேர் வருகினம். பேர் கூப்பிட்டா அதில பத்துப் பேர் எழும்பி வாறேல்லை. ஏன்? கேக்கேல்லை. அதுக்குத்தான் ஒலிபெருக்கி பூட்டியிருக்கு. இண்டைக்குப் பரிசோதனை, திங்கட்கிழமை திறப்புவிழா. கதை முடிஞ்சுது."

"காது நல்லாத்தான் கேக்குது சேர்."

"என்ன?"

"ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வடிவம்மா ஏம் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாங்க. பேரக் கூப்பிட்டதும் பைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத் தலையக் குனிஞ்சிட்டாங்க. எந்திரிக்கவே இல்ல. எல்லாரும் போனதுக்கப்புறம் மெதுவா வந்து, 'அது நாந்தாங்க'ன்னாங்க. அதுக்குள்ள டாக்டர் போயிட்டாரு. ஒப்பரேஷன் தேதி ரெண்டாவது வாட்டியும் தவறிப் போச்சு."

"ஏனாம்?"

"தை மாசம் டவுன்ல குண்டு வெடிச்சதுலேருந்து அப்பிடித்தான் சேர். தமிழ்ப் பேரு சத்தமாக் கேட்டா மண்டபமே திரும்பிப் பாக்குது. அவங்க கையில அடையாள அட்டைகூட இல்ல. பயப்படுறாங்க."

அது 1998ஆம் ஆண்டு. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஆனாலும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"விசர்க் கதை கதையாதையும். கண் காட்ட வாற இடத்தில என்ன பயம்? ஆர் ஆரைப் பிடிச்சுத் தின்னப் போகினம்?"

பரிமளம் விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினாள். பிஸ்கட் பெட்டியை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் எழுதியிருந்தாள்.

"பேருக்குப் பதிலா நம்பரக் கூப்பிடுவோம் சேர். வாசல்ல ஆளுக்கு ஒண்ணு குடுத்தாப் போதும். ஒரே ஒரு வாட்டி கீழ வந்து அவங்களோட ஒக்காந்து பாருங்க."

"அட்டவணையில அதுக்கு இடமில்லை."

ஆனாலும் அவர் கீழே இறங்கினார். அவள் சொன்னதற்காக இல்லை, சத்தம் கடைசி வாங்கு வரை எட்டுகிறதா என்று பார்ப்பதற்காக. பெயர் கூப்பிடும் தாதி இரஞ்சிதத்தின் பட்டியலில் தன் பெயரையும் நடுவில் எழுதுவித்தார்.

"நீர் கூப்பிடும். நான் கடைசியில இருந்து எழும்பி வாறன். அப்ப இந்தப் பிள்ளைக்கு விளங்கும்."

திறப்புவிழாவுக்கு முன்பே நோயாளர்களை இருத்தத் தொடங்கியிருந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. கடைசி வாங்கில், ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த இராணுவச் சிப்பாய் ஒருவன் சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தான். கூடவே அவனுடைய தோழர்கள் நாலு பேர்.

"மாத்தயாவுக்கு எந்த ஊர்?" சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டான்.

"கண்டிதான்" என்றார் அவர், அட்சரம் பிசகாத சிங்களத்தில்.

ஒலிபெருக்கி கரகரத்து முதல் பெயரைக் கூப்பிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து மாடியேறி வந்த ஸ்ரீஸ்கந்தராசா, மேசையில் கிடந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். அட்டவணையில் ஒலிபெருக்கிக் கட்டத்தை வெட்டிவிட்டு, 'இலக்க அட்டை - இருநூறு' என்று எழுதினார். திறப்புவிழாவை நாலு நாள் தள்ளிப் போட்டார். அவருடைய உத்தியோக காலத்திலேயே பிந்திய முதல் திகதி அது.

பிறகு எல்லாக் கட்டங்களுக்கும் மேலே புதிதாக ஒரு கட்டம் கீறி நிரப்பினார். 'வாங்கில் இருந்து பார்த்தல். பொறுப்பு: பரிமளம். நாலு நாள்.'

"இனி இங்க எந்த வேலை துடங்கினாலும் இதுதான் முதல் கட்டம். ஆனா ஐஞ்சாம் நாள் விடிய அறிக்கை என்ரை மேசையில இருக்கோணும். பிந்தக் கூடாது, சொல்லிப்போட்டன்."

பரிமளத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வடிவம்மாவுக்கு, சேர்?"

"முதலாம் நம்பர் அவவுக்கு."

அப்போது இரஞ்சிதம் பட்டியலோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"எங்க சேர் போனனீங்கள்? உங்கட பேரை மூண்டு தரம் கூப்பிட்டனான். ஒருத்தரும் எழும்பேல்லை. வெளியில போட்டியளாக்கும் எண்டு நினைச்சு, 'வரவில்லை' எண்டு எழுதிப்போட்டன். சத்தம் கடைசி வாங்குக்குக் கேக்கேல்லையோ?"

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசி வாங்கிலதான் இருந்தனான் இரஞ்சிதம். மூண்டு தரமும் வடிவாக் கேட்டுது."