ஓடாத மான்

முன்பனிக்காலம், துதி பாடி ஓய்ந்த அடியாரைப்போல் மலைச்சரிவெங்கும் பேசாமல் அமர்ந்திருந்தது. அன்றுதான் சேந்தன் முதன்முதலாக வில்லேந்தினான். மான் விழுந்தால் அவன் வேடன். விழாவிட்டால் ஆயுள் முழுதும் பிறர் வேட்டைக்கு வலை சுமப்பவன். நீராடி, மார்பு நிறையச் சந்தனம் பூசி வந்தவனை அக்காள் கணவன் உடும்பன் முகர்ந்து பார்த்தான்.

“என்ன மாப்ள, மானைக் கொல்லப் போறியா, கட்டிக்கப் போறியா? இந்த வாசத்துக்கு எந்த மான் நிக்கும்?”

“நிக்கும் மாமா.”

நின்றது. முப்பதடித் தொலைவில் ஒரு பிணைமான் மேய்ந்துகொண்டிருந்தது. சேந்தன் நாணை இழுத்தான். தோரணை மட்டும் தேர்ந்த வில்லாளியுடையது. நாண் அவன் முன்கைத் தோலை உரித்தது. அம்பு பாதி வழியில் புல்லில் படுத்தது. மான் ஓடவில்லை. நிதானமாக நடந்து வந்து அம்பை முகர்ந்தது; அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கேயே மேயத் தொடங்கியது.

“ஒன்னைய அது ஒரு ஆளாவே நெனைக்கல” என்று காறித் துப்பிய உடும்பன், வலைச்சுருளை அவன் தோளில் எறிந்தான். சேந்தன் அந்தச் சுமையோடு மண்டியிட்டு, மானை நோக்கித் தலைமேல் கைகுவித்தான். உடும்பன் அவனைப் பார்க்கவில்லை. மானுக்கே வாழ்த்துவதுபோல் கை உயர்த்தினான்.

“குட்டியும் கூட்டமுமா நல்லாயிரு தாயி.”