இல்லாத சுல்தானின் வெள்ளிக்காசு

மியூசியத்து மேசையில் பஞ்சின்மேல் கிடந்த பழைய வெள்ளிக்காசுக்கு ஒரே எரிச்சல். அதன் ஓரத்தில் தேய்ந்திருந்த அரபி எழுத்துகளைப் படித்த பூதக்கண்ணாடியார், யாரும் கேள்விப்படாத ஒரு சுல்தானின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"அது சுல்தான் பேர் இல்லீங்க. என்னை அடிச்ச ஊரோட பேரு," என்றது காசு.

"அடி வாங்குறப்போ உனக்குச் சுயநினைவு இருந்துச்சா? நான் முப்பது வருஷமா படிக்கிறவன்," என்றார் அவர்.

பக்கத்துப் பெட்டியில் வெல்வெட் மெத்தைமேல் சாய்ந்திருந்த செப்புக்காசு கிசுகிசுத்தது. "சும்மா இரு. என்னையும் இப்படித்தான் ஏதோ ராணி காசுன்னு படிச்சாரு. இந்த மெத்தையும் விளக்கும் பின்னே எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறே?"

வெள்ளிக்காசு தன் அழுக்குப் பஞ்சைப் பார்த்தது.

"ஐயா, அந்தச் சுல்தான் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க," என்றது. "அவர் முகம்கூட லேசா ஞாபகம் வருது."