லக்ஷ்மியின் தெரு

"இத்தனை பெரிய ஊர்ல இந்த ஒரு தெருவுலதான் வீடு வேணும்னா எப்படி?" ஆட்டோவில் வெங்கடரமணன் மறுபடியும் ஆரம்பித்தார். "அடையாறுல, பெசன்ட் நகர்ல எவ்வளவு நல்ல ஃப்ளாட்டெல்லாம் காமிச்சான் அந்த ப்ரோக்கர்."

"அங்கெல்லாம் லக்ஷ்மி இல்லையே," என்றாள் அவர் மனைவி மாளவிகா.

அவர் வெளியே பார்த்தார். லண்டன் வாசத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது மாளவிகாவின் முடிவு. அவருக்கு அதில் பாதி மனம்தான். "வந்து பாரு. பாத்தப்புறமும் இதையே சொன்னா நான் வேலையை விட்டுடறேன்," என்று விமானம் ஏறும் முன் சொல்லியிருந்தார். இன்று ராத்திரிக்குள் ப்ரோக்கருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

லக்ஷ்மியும் மாளவிகாவும் மயிலாப்பூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம், ஒன்றாகப் பாட்டு. மாளவிகா கல்யாணமாகி லண்டன் போனாள். லக்ஷ்மியின் கணவர் காலமானார். ஒரே பெண் கனடாவில் குடியேறினாள். லக்ஷ்மி மட்டும் நகரவில்லை.

ஞாயிறுதோறும் லண்டனில் மதியச் சமையல் முடிந்ததும் மாளவிகா வாட்ஸாப்பில் கூப்பிடுவாள். இங்கே அப்போது மாலை. சேர்ந்து பாடினால் போனில் இழுக்கும் என்பதால் ஒருத்தி ஒரு வரி, மற்றவள் அடுத்த வரி. வீடியோ மட்டும் கூடாது. "உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு சுருதி போயிடும்டி," என்பாள் லக்ஷ்மி.

உண்மையில் மாளவிகா பாட்டுக்காக மட்டும் கூப்பிடுவதில்லை. லக்ஷ்மியின் குரலுக்குப் பின்னால் தெரு கேட்கும். பூக்காரி, குக்கர் விசில், மாடி வீட்டுச் சண்டை, யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்புவது. அப்பாவும் அம்மாவும் போனபின் இந்த ஐந்து வருடமாக அவள் ஊர்ப்பக்கம் வரவில்லை. சாத்திய ஜன்னலும் ஹீட்டருமாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஊர் என்று மிஞ்சியது அந்தச் சத்தம்தான்.

"வரேன்னு அவகிட்ட சொல்லியாவது இருக்கலாம்," என்றார் வெங்கடரமணன்.

"சொல்லாம போய் வாசல்ல நிக்கணும். லண்டன்காரி, லண்டன்காரின்னு எவ்வளவு கேலி பண்ணியிருக்கா! இனிமே என்ன சொல்லுவா பாக்கறேன்."

ஆட்டோ நின்றது.

லக்ஷ்மியின் வீடு இருந்த இடத்தில் நீலத் தகர வேலி. உள்ளே ஒரு பள்ளம், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"ஃப்ளாட் பாக்க வந்தீங்களா மேடம்? ஆபீஸ் அந்தாண்ட கீது."

"இங்க ஒரு வீடு இருந்ததே?"

"பழைய வூடா? அத்த இட்ச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

"அதுல இருந்தவங்க?"

"எங்க போனாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்மா? நான் வந்தே மூணு மாசந்தான் ஆவுது."

மாளவிகாவுக்குக் கோபம் வந்தது. "வீடு மாத்தினதைக்கூட என்கிட்ட சொல்லலை பாருங்கோ. பக்கத்துத் தெருவுலதான் இருப்பா. போன வாரம்கூடப் பூக்காரி சத்தம் கேட்டுதே!"

இன்றும் ஞாயிறு, வழக்கமாகக் கூப்பிடும் நேரம்தான். போட்டாள். கணவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வாடி லண்டன்காரி! சாப்டாச்சா?"

"ஆச்சு. நீ எங்கடி இருக்கே?"

"எங்க இருப்பேன்? ஆத்துலதான். உன்னை மாதிரி ஊரை விட்டு ஓடினவளா நான்? வாசல்ல பூக்காரி வந்துட்டா, கேக்கறதா?"

கேட்டது. "மல்லீ... முல்லே... கதம்பம்..." முடிவில் ஓர் இருமல். பிறகு சைக்கிள் மணி, இரண்டு முறை.

போன வாரமும் அந்த இருமலுக்குப் பிறகு சைக்கிள் மணி இரண்டு முறைதான் அடித்தது. அதற்கு முந்தின வாரமும். மாளவிகாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"லக்ஷ்மி..." என்று ஆரம்பித்தாள்.

மறுமுனையில் ஒரு கதவு திறந்தது. ஒரு குழந்தை ஓடிவந்தது. "அம்மம்மா! இட்ஸ் ஸ்னோயிங் அகெய்ன்! கம் அண்ட் ஸீ!"

"உஷ்!" போன் பொத்தப்பட்டது. திரும்பி வந்தபோது லக்ஷ்மிக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்தாத்துக் குழந்தைடி. ஏதோ கார்ட்டூன் பாத்துட்டு வந்து கத்தறது."

வெங்கடரமணனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ப்ரோக்கர். என்ன சொல்லட்டும் என்று கண்ணாலேயே கேட்டார். மாளவிகா பள்ளத்தைப் பார்த்தபடி, வேண்டாம் என்று தலையசைத்தாள். ஜெயித்த முகமாக இல்லை அவர் முகம்.

அப்போது கோயில் பக்கமிருந்து நாகஸ்வரமும் தவிலும் எழுந்தன. பின்னாலேயே ஓர் ஆட்டோ ஹாரன்.

போனில் மறுபடியும் கூவத் தொடங்கியிருந்த பூக்காரி பாதிச் சொல்லில் நின்றுபோனாள்.

"உன் பக்கம் என்னடி சத்தம்?" லக்ஷ்மியின் குரல் மாறியிருந்தது.

"டிவிதான்டி," என்றாள் மாளவிகா. "அணைச்சுட்டு வரேன், பாடலாம்."

"வேண்டாம், வேண்டாம். இன்னிக்குப் பாட வேண்டாம்," என்றாள் லக்ஷ்மி. "போனைக் கொஞ்சம் அதுக்குக் கிட்டக் கொண்டு போயேன்."