பாதி மலை

"இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாதியில உட்கார்ந்தா எப்படிப்பா?"

மலைப்படிகளுக்கு நடுவே இருந்த மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார் மாமனார். தலையில் மருமகள் வாங்கிக்கொடுத்த மஞ்சள் குல்லா.

"கிளட்ச் போயிடுச்சுடா. இனிமே வண்டி ஏறாது."

"கிளம்பறப்போ நல்லாத்தானே இருந்தீங்க?"

"அது சமதரை."

மருமகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மலைக்கோயில், மலைக்கோயில் என்று மாதக்கணக்கில் நச்சரித்தவர் இவர்தான். பஸ் ஓட்டிய காலமெல்லாம் இந்த அடிவாரத்தைக் கடந்து போனவர், ஏறிப் பார்த்ததில்லை. மேலே நின்றால் மூன்று பக்கமும் கடலாம். தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் ஆசைக்காகத்தான் மகன் கிளம்பினான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை ஆபீஸ் டூர் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தான். "அவர்கிட்ட மூச்சு விட்டே, பாரு" என்று அவள் வாயையும் அடைத்துவிட்டான்.

"என்னங்க, நாம கீழேயே இருந்துடலாமே" என்று அடிவாரத்தில் கெஞ்சினாள்.

"அப்பா என்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான்டி."

இப்போது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைப்பிடிக் கம்பியை விடவில்லை.

"என் தோளைப் பிடிச்சுக்குங்கப்பா. மெதுவா ஏறிடலாம்."

"ஏத்த வேணாம். பத்திரமா இறக்கிவிடு, போதும்."

"கிளட்ச் போனாலும் பிரேக் மட்டும் நல்லா பிடிக்குது உங்களுக்கு!" என்றாள் மருமகள்.

மாமனார் சிரித்தார்.

நாலு படிக்கு ஒரு தரம், "நில்லுடா, முட்டி" என்று மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினார். கீழே பனிமூட்டம். கடல் தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

'இதுக்கா என் புருஷன் உயிரைப் பணயம் வச்சு ஏறினார்?' என்று அவளுக்கு மனசு ஆறவேயில்லை. அன்றிரவு அடிவாரத்து லாட்ஜில் மாமனாருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

விடியற்காலையில் விழிப்பு வந்தது. கணவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினாள்.

மலையைக் காணோம். பனிக்கு மேலே கோயில் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து, படிகளில் ஏதோ மஞ்சளாக இறங்கி வந்தது. குல்லா.

மாமனார்!

கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. கைகளை வீசிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி, சின்னப் பையன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார்.

கணவனை எழுப்ப நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் தெருவைக் கடந்து லாட்ஜ் வாசலுக்கு வந்தார். நின்றார். மகன் தூங்கும் அறையின் ஜன்னலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

அப்புறம் நொண்ட ஆரம்பித்தார்.