ஆறு கால் முதலை

டங்... டங்... டங்...

எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். அரியலூரிலிருந்து பஸ் ஏறி, கொள்ளிடக் கரைப் பூங்காவுக்கு நானும் கணவரும் மகள் தேவயானியும் போயிருந்தோம். மருத மர நிழல், ஒரே ஒரு ஊஞ்சல். ஆள் அரவமே இல்லை. ஆறு எங்களுக்காகவே ஓடுவது போலிருந்தது.

"இந்த ஆத்துலதான் எங்கப்பா என்னைத் தோள்ல ஏத்திட்டுப் போயி நடுவுல போட்டாரு. நானா நீந்தி வந்தேன். நீயும் வா பாப்பா" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் இவர்.

டங்! டங்! டங்!

காவலாளி வைரக்கண்ணு ஓடி வந்தார். வலது கை முழங்கையில் கோணிக் கிடந்தது. கழுத்தில் தொங்கிய டின்னை இடது கையால் தட்டிக்கொண்டே கத்தினார்.

"எறங்காதீங்க சார்! மொதல கெடக்கு!"

"நான் பொறந்து வளர்ந்த ஆறுய்யா. இங்க ஏது மொதல?"

"இது புதுசா வந்ததுங்க. ஆறு காலு."

தேவயானி கைகொட்டிச் சிரித்தாள். "அம்மா, முதலைக்கு நாலு காலுதானே?"

"காலங்காத்தாலயே ஏத்திட்டாரு போல" என்றார் இவர்.

வைரக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதுக்கு மேல கேக்காதீங்கம்மா. புள்ளைய ஊஞ்சல்ல வச்சு ஆட்டுங்க."

தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். நகரவே இல்லை. தேவயானி அழுதாள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வாசலில் பார்வையாளர் நோட்டு இருந்தது. கல்லூரியில் தமிழ் படித்தவள் அல்லவா நான்? 'முதலைக்கு எத்தனை கால் என்று தெரியாதவர் ஆற்றுக்குக் காவல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கவிதை மாதிரி இருக்கு" என்றார் இவர்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். டின் சத்தம் இல்லை. தடுக்க ஆளும் இல்லை.

இவர்தான் முதலில் இறங்கினார். முதல் அடியில் முழங்கால். இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் ஆளையே காணோம்.

நீச்சல் தெரிந்ததால் தப்பினார். நாணலைப் பிடித்து மேலே ஏறினார். அடுத்து இறங்க இருந்தவள் தேவயானி.

டீக்கடை குஞ்சம்மாள் துண்டோடு ஓடி வந்தார்.

"மணல் அள்ளுன குழிங்க. வைரக்கண்ணு ஒருக்கா குழின்னு சொன்னதுக்குத்தான் மணல்காரங்க அவரு கையை ஒடிச்சாங்க. அப்பறம்தான் மொதலன்னு சொல்ல ஆரம்பிச்சாரு."

தண்ணீர் சொட்டச் சொட்ட மணல் லாரி ஒன்று கரையேறிப் போனது. சக்கரங்களை எண்ணினேன்.

ஆறு.

"வைரக்கண்ணு இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

"யாரோ நோட்டுல எழுதிட்டாங்களாம். எவ்வளவு அழகா எழுதியிருக்குன்னு ஆபீசரு படிச்சுக் காட்டிச் சிரிச்சாராம். மறுநாளே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

வைரக்கண்ணு கடைசி வரை வாலிகண்டபுரத்தில் ஆடு மேய்த்தார்.