பழநிச் சீல்

பின்னால் மிதிப்பது நின்றுவிட்டது.

ரெண்டு பேர் மிதிக்கிற ரெட்டைச் சைக்கிளில் இது ஒரு தொல்லை. பின்னால் இருப்பவன் நிறுத்தினால் முன்னால் இருப்பவன் காலும் நின்றுபோகும்.

மயில்சாமி காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் மகன் நவநீத். பத்தொன்பது வயசு. காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூரில் ஏறி உட்கார்ந்தவன், இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"சீல் வைக்கலை," என்றான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குக் கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தார். போகிற வழியில் பொள்ளாச்சிச் சீல் இருந்தது, உடுமலைச் சீல் இருந்தது. பழநிக் கட்டம் காலி.

எப்படி இருக்கும்? சீல் வைக்கிற டீக்கடைக்குப் பக்கத்தில் காதுகுத்துக் கல்யாணம். நாலு ஒலிபெருக்கி. நவநீத்துக்கு ஆட்டிசம். அந்தச் சத்தம் அவனுக்கு அடி விழுகிற மாதிரி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கிளப்பி ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதில் சீலாவது ஒண்ணாவது!

பழநியில் திரும்பி, மடத்துக்குளத்துப் பக்கம் பதினோரு கிலோமீட்டர் வந்தாயிற்று. அதுவும் ஆனி மாசத்து எதிர்காற்றில்.

ஓட்டத்தை நடத்துகிறவருக்குப் போன் போட்டார். நல்ல மனுசன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோமுங்க. நீங்க வந்து சேருங்க," என்றார்.

மயில்சாமிக்கு உயிர் வந்தது.

இருநூறு கிலோமீட்டர். சாயங்காலம் ஏழரைக்குள் முடித்தால் அட்டையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். மெடல் வரும், சான்றிதழ் வரும். நவநீத் பேர் போட்டு இதுவரை வீட்டுக்கு வந்த காகிதமெல்லாம் மூன்று பள்ளிக்கூடத்து டி.சி.யும் ஆஸ்பத்திரிச் சீட்டும்தான். அவன் அம்மா சுகந்தி நேற்றே கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டாள்.

"போலாம் சாமி. அவங்க பார்த்துக்குவாங்களாம்."

நவநீத் இறங்கினான். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கினான். பழநிப் பக்கம் திருப்பி வைத்தான்.

கெஞ்சினார். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். ஒருதரம் கத்தியும் பார்த்தார்.

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவனை அசைக்க முடியாது. பெற்றவருக்குத் தெரியாதா?

ஏறினார்.

அப்புறம்தான் காற்று முதுகில் விழுந்தது. வண்டி பறந்தது. காற்றாலைகள் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. பின்னால் இருந்து ஒரு கூச்சல். மயில்சாமி பயந்துபோய்த் திரும்பினார். நவநீத் கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும்போது வந்த சிரிப்பு, சனியன், அடக்கவும் முடியவில்லை.

பழநியில் ஒலிபெருக்கி இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

அட்டையை அவர் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவன் பிடுங்கிக்கொண்டான். தானே நடந்தான்.

அட்டையை நீட்ட ஒரு கை வேண்டும். பொத்துவதற்கு ஒரு கைதான் மிச்சம்.

இடது காதைப் பொத்திக்கொண்டான். வலது காதைத் தோளில் அழுத்திக்கொண்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். உடம்பு முழுக்க நடுங்கியது. அட்டை மட்டும் மேஜைக்கு மேலே நீண்டே இருந்தது.

சீல் விழுந்தது.

மயில்சாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டீக்கடைப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வந்த வழியைச் சொல்லாமல் இருப்பதே மேல். எதிர்காற்று, எதிர்காற்று, எதிர்காற்று. உடுமலை தாண்டி அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பொள்ளாச்சியில் இனி முடியாது என்று வாய்விட்டே சொன்னார். பின்னால் இருந்து மிதி வந்துகொண்டே இருந்தது. ஒரே சீராக. அந்த மிதியில்தான் வண்டி ஊர் வந்து சேர்ந்தது.

முடிவிடத்தில் பத்துப் பேர் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். நடத்துகிறவர் அவர்களை அடக்கினார். சத்தமில்லாமல் எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

மணி ஏழு முப்பத்து நாலு.

நடத்துகிறவர் அட்டையை வாங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார், நவநீத்தைப் பார்த்தார். "ஏழரைன்னே போட்டுக்கலாமுங்க. நாலு நிமிசம் ஒரு பெரிய விசயமா?"

எழுதினார். 7.30.

மயில்சாமிக்கு அது தப்பு என்று தெரிந்தது. சொல்ல மனசு வரவில்லை. ஆணிதான் கண்ணில் நின்றது.

நவநீத் எட்டிப் பார்த்தான். மேஜையிலிருந்த பேனாவை எடுத்தான்.

7.30ஐ அடித்தான். 7.34 என்று எழுதினான்.

அட்டையின் தலையில் அச்சடித்திருந்த 200ஐயும் அடித்தான். ஹேண்டில்பாரில் இருந்த மீட்டரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். 222 என்று எழுதினான்.

மூன்று ரெண்டு! கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, மடத்துக்குளத்துப் பக்கம் காற்றில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

நடத்துகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா, அடிச்சுத் திருத்தின அட்டையை இனி அனுப்ப முடியாதுங்களே."

மயில்சாமி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"அனுப்ப வேண்டாமுங்க. வீட்டுல ஆணி அடிச்சிருக்குது."